மூச்சுக்குழாய் அனுப்பும் மூட்டைகள்

ஜூலை பிறந்ததும் ஊவா மலைச்சரிவுகளில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்கும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, மலை முகட்டைத் தாண்டி உலர்காற்றாகப் பண்டாரவளைக்கும் பதுளைக்கும் பசறைக்கும் இறங்கும். செப்டெம்பர் வரை நீளும் இந்த வறட்சியில் தேயிலைச் செடி வருந்தும். அந்த வருத்தத்தில் கொழுந்தில் மெதைல் சலிசிலேற்று முதலிய மணப்பொருள்கள் கூடும். கொழும்பு ஏலத்தில் ஊவாத் தேயிலைக்குத் தனி மதிப்பு வாங்கித் தருவது இந்த மூன்று மாதத்து மணம்.

அந்த மணம் பைக்குள் போகுமுன் ஓர் அறையைக் கடந்தாக வேண்டும். தோட்டத்து மக்கள் ஸ்டோர் என்று சொல்லும் தொழிற்சாலைக்குள் கொழுந்து வாட்டப்பட்டு, ரோலரில் உருட்டப்பட்டு, காற்றுப்பட்டுச் சிவந்து, டிரையருக்குள் போய் வெளியே வரும்போது அதில் மிஞ்சியிருக்கும் ஈரம் நூற்றுக்கு மூன்று பங்களவுதான். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுண்டிவிடும். அவ்வளவு காய்ந்த பொருளைச் சல்லடை இயந்திரத்தில் குலுக்கித் தரம் பிரித்தால் தூசி எழாமல் என்ன செய்யும்? இளந்துளிரின் அடிப்புறத்து மெல்லிய ரோமங்களும் உதிர்ந்து பஞ்சாகப் பறக்கும். தூணிலும் யன்னலிலும் வேலை செய்பவர்களின் தலைமுடியிலும் படிவதைக் கண்ணால் பார்க்கலாம். மூச்சோடு உள்ளே போவதைப் பார்க்க முடியாது.

இந்தத் தூசி மூச்சைக் கெடுக்கும் என்பது நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த விஷயம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் அல்டோ கஸ்தெல்லானி, 1919இல் வெளிவந்த வெப்பமண்டல மருத்துவக் கையேட்டின் பதிப்பிலேயே தேயிலைக்காரர்களின் இருமலைப் பற்றி எழுதியிருக்கிறார். தேயிலையில் இருக்கும் பூஞ்சணங்களே காரணம் என்று அவர் கருதினார். 1970இல் கொழும்பு மத்திய மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தின் வைத்தியர் சி. ஜி. ஊரகொட, பிரித்தானியத் தொழில் மருத்துவ இதழொன்றில் டீமேக்கர் ஆஸ்துமா என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார். டீமேக்கர் என்பவர் ஸ்டோருக்குப் பொறுப்பானவர். தேயிலையைக் கையில் அள்ளி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பக்குவம் சொல்வது அவருடைய தொழிலின் ஒரு பகுதி. 1980இல் ஊரகொட எழுதிய இன்னொரு கட்டுரை, தேயிலை கலக்கும் தொழிலாளரிடையே நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சியும் ஆஸ்துமாவும் மிகுந்திருப்பதைக் காட்டியது. இலவம் பஞ்சு அடிப்பவர்கள், கறுவாப் பட்டை வேலை செய்பவர்கள், மிளகாய் அரைப்பவர்கள் என்று யாரும் ஏறெடுத்துப் பார்க்காத தொழிலாளர்களின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தவர் அவர். இலங்கைத் தொழில் மருத்துவத்தில் அவர் பெயர் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டும்.

சந்தேகத்துக்கு இடமில்லாத சோதனை கடல் கடந்து நடந்தது. 1990இல் கனடாவின் மொன்றியல் நகரைச் சேர்ந்த கார்த்தியேயும் மாலோவும், ஒரே நிறுவனத்தில் தேயிலையோடு வேலை செய்த மூன்று பேரைச் சோதித்தார்கள். தேயிலைத் தூசியை அளவாக மூச்சிழுக்க வைத்து, மூச்சுக்குழாய் சுருங்குவதை அளந்து, இது தொழிலால் வந்த ஆஸ்துமாதான் என்று நிறுவினார்கள். ஜப்பானில் பச்சைத் தேயிலைத் தொழிற்சாலைகளில் இதே நோய் வந்தவர்களை ஆராய்ந்த ஷிராய் குழுவினர், 1994இல் அதற்குக் காரணமான பொருளின் பெயரையும் சொன்னார்கள்: எபிகலோகட்டெச்சின் கலேற்று. உடலுக்கு நல்லது என்று பச்சைத் தேயிலைப் பெட்டிகளில் விளம்பரப்படுத்தப்படுகிறதே, அதே பொருள். குடித்தால் ஒரு கதை, தூசியாக மூச்சில் போனால் வேறு கதை.

இந்தப் பொருள் புரதமன்று, சிறிய மூலக்கூறு. நமது நோய் எதிர்ப்புத் தொகுதி இவ்வளவு சிறிய ஒன்றைத் தனியாகக் கண்டுகொள்வது அரிது. உடலின் புரதம் ஒன்றோடு அது ஒட்டிக்கொண்ட பிறகுதான் அந்நியப் பொருளாகத் தென்படும். தென்பட்டதும் ஐஜிஈ எனப்படும் பிறபொருளெதிரி உருவாகும். ஐஜிஈ, நோய் எதிர்ப்புத் தொகுதியின் மாஸ்ட் கலங்களின் மேற்பரப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை அதே தூசி வரும்போது மாஸ்ட் கலம் ஹிஸ்டமினைக் கொட்டும். மூச்சுக்குழாய்த் தசை இறுகும், சளி சுரக்கும், இழுப்பு வரும். 1966–67இல் ஐஜிஈ கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து பாடநூல்கள் சொல்லிவரும் கதை இது. சரியான கதைதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடிவதில்லை. தூசி போய்விட்டது, இழுப்பும் நின்றுவிட்டது, ஆனாலும் மூச்சுக்குழாயின் உட்சுவர் வாரக்கணக்கில் வீங்கிச் சிவந்தே கிடக்கிறதே, அந்த நெருப்புக்கு யார் விறகு போடுகிறார்கள்?

பதிலின் ஒரு பகுதி, ஆஸ்துமாவோடு எந்தத் தொடர்பும் இல்லாத இடத்திலிருந்து வந்தது. 1967இல் பீற்றர் வொல்ஃப் என்பவர், இரத்தத் தட்டுக்களிலிருந்து உதிரும் மிக நுண்ணிய துகள்களை விவரித்தார். 1983இல், முதிராத செங்குருதிக் கலம் முதிர்ச்சியடையும்போது தனக்கு இனித் தேவைப்படாத இரும்பேற்பிப் புரதத்தை எப்படிக் கழிக்கிறது என்று இரண்டு குழுக்கள் தேடின. மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜோன்ஸ்ரோன் செம்மறியாட்டின் இரத்தத்தில் தேடினார். அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரில் ஹார்டிங், ஹூசர், ஸ்ரால் ஆகியோர் எலியின் இரத்தத்தில் தேடினார்கள். இரு குழுக்களும் கண்டது ஒன்றே. கலத்தின் உள்ளே ஒரு பை. அந்தப் பைக்குள் இன்னும் சிறிய பைகள். பெரிய பை கலத்தின் எல்லைக்கு வந்து திறக்க, சிறிய பைகள் வெளியே கொட்டுகின்றன. ஜோன்ஸ்ரோன் 1987இல் இவற்றுக்கு எக்ஸோசோம் என்று பெயரிட்டார். நமது பாடநூல் வழக்கில் புடகம் என்று சொல்லலாம். இவற்றின் விட்டம் 30 முதல் 150 நனோமீற்றர். நூறு நனோமீற்றர் அளவுள்ள புடகங்களை வரிசையாக அடுக்கினால் ஒரு மில்லிமீற்றருக்குள் பத்தாயிரம் அடங்கும்.

அப்போது இவற்றைக் கலத்தின் குப்பை என்றே பெரும்பாலோர் நினைத்தார்கள். 1996இல் கிராசா ரபோசோவும் கூட்டாளிகளும் அந்த எண்ணத்தை மாற்றினார்கள். நோய் எதிர்ப்புத் தொகுதியின் பி கலங்கள் வெளியிடும் புடகங்களின் மேற்பரப்பில், அந்நியப் பொருளின் துண்டைத் தூக்கிக் காட்டும் எம்எச்சி வகுப்பு இரண்டு புரதம் இருப்பதையும், அதைக் கண்டு அதே தொகுதியின் ரி கலங்கள் விழித்தெழுவதையும் காட்டினார்கள். ஒரு கலம் இன்னொரு கலத்தைத் தொடாமலே அதனிடம் பேச முடியும் என்றாயிற்று. 2007இல் சுவீடனின் யோத்தபோரியில் யான் லோத்வாலின் குழு, புடகங்களுக்குள் ஆர்என்ஏயும் இருப்பதைக் கண்டது. லோத்வால் ஆஸ்துமா ஆராய்ச்சியாளர் என்பது தற்செயலன்று. நுரையீரலைப் போல அந்நியப் பொருளை நாள் முழுதும் சந்திக்கும் உறுப்பில் இந்தப் பேச்சு ஓயாமல் நடக்கும்.

ஊவாத் தோட்டமொன்றிலிருந்து கொழும்பு ஏலத்துக்குப் போகும் மூட்டையைப் பார்த்தால் மேலே தோட்டத்தின் மார்க், தேயிலையின் தரம், இன்வொய்ஸ் இலக்கம் எல்லாம் அச்சிட்டிருக்கும். திறக்காமலே எங்கிருந்து வருகிறது, உள்ளே என்ன என்று தரகர் சொல்லிவிடுவார். புடகத்தின் மேற்பரப்புப் புரதங்களும் அப்படிப்பட்டவை. சிடி9, சிடி63, சிடி81 என்ற புரதங்கள் இது புடகம் என்று சொல்கின்றன. வேறு சில, எந்தக் கலத்திலிருந்து புறப்பட்டது என்பதைக் காட்டும். இன்னும் சில, எந்தக் கலத்தில் போய் ஒட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். உள்ளே கலத்தின் நொதியங்கள், வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள், ஆர்என்ஏ. ஆகவே இவற்றைச் சேர்த்து எடுத்துப் புரதங்களைப் பட்டியலிட்டால், நெஞ்சைக் கீறிப் பார்க்காமலே உள்ளே எந்தக் கலம் என்ன மனநிலையில் இருக்கிறது என்று படிக்கலாம்.

நுரையீரலில் இவற்றைத் தேட ஒரு வழியுண்டு. மெல்லிய குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டு, உப்பு நீரைச் செலுத்தி, திரும்ப உறிஞ்சி எடுத்து, அந்தக் கழுவுநீரை அதிவேகத்தில் சுழற்றினால் புடகங்கள் அடியில் படியும். 2003இல் சுவீடனில் அட்மீரே குழுவினர் இப்படித் தேடியபோது, நோயற்ற மனிதரின் கழுவுநீரிலும் எம்எச்சி புரதம் தாங்கிய புடகங்கள் கிடைத்தன. ஆக, புடகம் இருப்பது நோயன்று. அது எதைச் சுமக்கிறது என்பதில்தான் நோய் இருக்கிறது.

ஆஸ்துமாவில் அது எதைச் சுமக்கிறது? முதலில் நொதியம். மூச்சுக்குழாயை இறுக்குவதில் ஹிஸ்டமினைவிடப் பன்மடங்கு வலிமையுள்ள லூக்கோட்ரையீன் என்ற பொருளைச் செய்யும் நொதியங்கள், மனிதரின் நோய் எதிர்ப்புக் கலங்களான மக்ரோபேஜ், டென்றிற்றிக் கலங்களின் புடகங்களில் இருப்பதை 2010இல் கண்டார்கள். கலத்தை விட்டு வெளியே வந்த பிறகும் அந்தச் சின்னஞ்சிறு பை லூக்கோட்ரையீனைச் செய்துகொண்டே போகிறது. 2012இல் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் சுசான் கப்ரியேல்சனின் குழு, இலேசான ஒவ்வாமை ஆஸ்துமா உள்ளவர்களின் கழுவுநீர்ப் புடகங்களை, வளர்ப்புத் தட்டில் இருந்த, மூச்சுக்குழாயின் உட்சுவரைப் போர்த்தும் மேலணிக் கலங்கள் மீது விட்டது. ஆரோக்கியமானவர்களின் புடகங்கள் பட்டபோது வராத அளவுக்கு லூக்கோட்ரையீனும் அழற்சிச் சமிக்ஞைகளும் வந்தன. 2015இல் ஸ்பெயினில் மட்ஸேயோ முதலியோர், ஆஸ்துமாக்காரர்களின் இயோசினோபில் கலங்கள் மற்றவர்களுடையதைவிட அதிகப் புடகங்களை வெளியிடுவதையும், இயோசினோபிலின் நச்சுப் புரதங்கள் அவற்றில் இருப்பதையும் காட்டினார்கள். சளிப் பரிசோதனையில் இயோசினோபில் என்று எழுதி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கலந்தான்.

எனக்கு இவற்றுள் மிக முக்கியமாகப் படுவது டில்லியில் நடந்த ஆய்வு. மரபணுத்தொகுதி ஆராய்ச்சிக்கான ஐஜிஐபி நிறுவனத்தில் அங்கூர் குல்ஷ்ரேஷ்டா, தன்வீர் அகமத், அனுராக் அகர்வால், பலராம் கோஷ் ஆகியோர் 2013இல் அதை வெளியிட்டார்கள். ஒவ்வாமை ஆஸ்துமா உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளின் நுரையீரலில் புடகங்கள் பெருகியிருந்தன. இவை எங்கிருந்து வருகின்றன என்று தேடியபோது, கை காட்டப்பட்டது மூச்சுக்குழாயின் மேலணிக் கலங்களை. நோய் எதிர்ப்புப் படையின் கலங்களை எல்லாரும் சந்தேகித்துக்கொண்டிருக்க, வெறும் சுவர் என்று கருதப்பட்ட கலங்களே இந்த மூட்டைகளைக் கட்டி அனுப்பின. ஆஸ்துமாவின் முக்கிய சமிக்ஞைப் புரதமான ஐஎல்-13 பட்ட மேலணிக் கலங்களின் புடகங்கள், மொனோசைற்றுக் கலங்களைப் பெருகவும் தம்மை நோக்கி வரவும் செய்தன. பிறகு புடகம் உருவாவதையே தடுக்கும் ஜிடபிள்யூ4869 என்ற சேர்மத்தைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். அழற்சி தணிந்தது. புடகம் நோயின் அடையாளமாக மட்டும் இருந்தால் அதைத் தடுப்பதால் நோய் தணியாது. நோயை நடத்திச் செல்வதிலும் அதற்குப் பங்குண்டு என்பதற்கு இது நேரடிச் சான்று. அந்தச் சேர்மம் ஆய்வுகூடக் கருவி. மருந்தாக யாரும் எதிர்பார்க்க வேண்டாம். புடகம் வெளியிடுவது உடலின் அன்றாட வேலை, அதை ஒட்டுமொத்தமாக நிறுத்தினால் வேறென்ன நிற்கும்?

மேலணிக் கலத்தைப் புடகம் அனுப்பத் தூண்டுவது எது? ஒன்று, ஒவ்வாமைப் பொருள். வீட்டுத் தூசிப் பூச்சியின் சாறு பட்ட மேலணிக் கலங்களின் புடகங்களில் கொன்ராக்ரின்-1 என்ற புரதம் மிகுந்திருப்பதை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தப் புரதத்தோடு போகும் புடகம், டென்றிற்றிக் கலங்களை அழைத்து ரி கலங்களைக் கிளப்பிவிடுகிறது. இன்னொன்று, நான் முதலில் படித்தபோது திரும்பத் திரும்பப் படித்தது. 2012இல் ஹார்வர்டில் பார்க்கும் கூட்டாளிகளும் மனித மூச்சுக்குழாய் மேலணிக் கலங்களை, இழுப்பு வரும்போது அவை நசுங்கும் அதே அளவுக்கு வெறும் அழுத்தத்தால் நசுக்கினார்கள். ஒவ்வாமைப் பொருள் எதையும் சேர்க்கவில்லை. கலங்கள் ரிஷ்யூ ஃபாக்ரர் என்ற புரதம் ஏற்றிய புடகங்களை வெளியிட்டன. இரத்தம் உறைவதைத் தொடக்கி வைக்கும் புரதம் அது. ஆஸ்துமாக்காரர்களின் கழுவுநீரிலும் அது கூடியிருந்தது. அப்படியானால் ஒவ்வோர் இழுப்பும் தனக்குள்ளேயே அடுத்த அழற்சிக்கான சேதியை அனுப்பிவிட்டுத்தான் அடங்குகிறது. இழுப்பைப் பொறுத்துக்கொண்டு வேலை செய்வதைப் பெருமையாக நினைக்கும் மக்கள் நம்மவர்கள். பொறுத்துக்கொள்வதற்கு மூச்சுக்குழாய் விலை கொடுக்கிறது.

எல்லா மூட்டையும் கெட்டதல்ல. 2008இல் ஸ்பெயினின் பிராடோ குழு, ஒலிவ் மகரந்தத்தின் புரதத்துக்குப் பழக்கப்படுத்தப்பட்டு ஒவ்வாமை வராமல் தேறிய சுண்டெலிகளின் புடகங்களை எடுத்து வேறு சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது, அவையும் ஒவ்வாமையிலிருந்து காக்கப்பட்டன. தாய்ப்பாலிலும் புடகங்கள் உண்டு. நோய் எதிர்ப்பைத் தணித்து வைக்கும் ரி கலங்களை அவை வளர்ப்பதாக 2007இல் காட்டப்பட்டது. பிள்ளைக்காம்பிராவில் குழந்தையை விட்டுவிட்டு மலைக்கு ஓடும் தாய்க்குப் பாலூட்ட நேரம் கொடுப்பது பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசலாம்.

இனி ஊவாவின் லயத்துக்கு வருவோம். ஸ்டோருக்குள் கால் வைக்காதவர்களுக்கும் அங்கே இழுப்பு வருகிறது. ஒரே அறையும் ஒரு சின்ன குசினியுமாக அடுக்கிக் கட்டிய பழைய லயத்தில், விறகடுப்பின் புகை போக வழியில்லாமல் படுக்கை வரை வரும். மழைக்காலத்தில் சுவர் ஓதம் காத்துப் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுத் தூசிப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தையே உறிஞ்சி வாழ்வது. ஈரமான மலைநாட்டுப் படுக்கை அதற்குச் சொர்க்கம். அதன் கழிவில் உள்ள டெர் பி 1 என்ற புரதம் ஒரு கத்தரி. மேலணிக் கலங்களை ஒன்றோடொன்று தைத்து வைத்திருக்கும் புரதங்களை வெட்டிவிடும் என்று 1999இல் காட்டினார்கள். தையல் விட்ட இடத்தில் புகை, பூஞ்சணம், தேயிலைத் தூசி எதுவும் உள்ளே போகலாம். ஆகவே சலிக்கும் அறையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு லயத்துக்குத் திரும்பும் பெண்ணின் மூச்சுக்குழாய்க்கு ஓய்வு நேரம் என்று ஒன்று இல்லை. தூசிக்குப் பிறகு புகை, புகைக்குப் பிறகு பூச்சி.

மேலே சொன்ன புடக ஆய்வுகள் மகரந்தத்தையும் வீட்டுத் தூசிப் பூச்சியையும் சோதனை எலிகளையும் கொண்டு நடந்தவை, தேயிலைத் தூசியைக் கொண்டு நடந்தவையல்ல. தேயிலைத் தூசிக்கும் இதே வழிதான் என்று நான் துணிந்து சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க உலகில் ஏற்ற ஊர் ஒன்று உண்டென்றால் அது பதுளை. 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது, தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே பட்டம் தருகிறது. மாகாணத்தின் பெரிய ஆஸ்பத்திரி அதே ஊரில். சுற்றிலும் தொழிற்சாலைகள். மூச்சுக்குழாய்க்குள் குழாய் விடக்கூட வேண்டியதில்லை. இருமித் துப்பிய சளியிலும் இரத்தத்திலும் புடகங்கள் கிடைக்கும்.

அதுவரை செய்யக்கூடியது ஏராளம். தொழிலால் வந்த ஆஸ்துமாவைக் கண்டுபிடிக்க பீக் ஃப்ளோ மீற்றர் என்ற எளிய ஊதுகுழாய் போதும். இரண்டு முதல் நான்கு வாரம், ஒரு நாளைக்கு நாலு தடவையாவது ஊதி எழுத வேண்டும். வேலை நாளில் எண் இறங்கி, லீவு நாளில் ஏறினால் தூசியின் கை தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தவரை ஸ்டோரிலிருந்து விலக்குவது தண்டனையாக அமையக் கூடாது. அதே சம்பளத்தில் தூசியில்லாத வேலைக்கு மாற்றுவது தோட்ட நிர்வாகத்தின் கடமை. சல்லடைக்கு மேலே தூசி உறிஞ்சியைப் பொருத்தி அதை ஓடவும் வைப்பது அதைவிடப் பெரிய கடமை. வாயில் கட்டும் துணி இந்தத் தூசியின் நுண்ணிய பகுதியைத் தடுக்காது.

சல்பியூட்டமோல் இறுகிய தசையைத் தளர்த்தும். இழுப்பு நிற்கும், சுகமாகிவிட்டது என்று தோன்றும். வீங்கிய சுவரை அது தொடுவதில்லை. சுவரின் அழற்சியைத் தணிப்பது தினமும் இழுக்கும் பெக்லோமெதசோன் போன்ற ஸ்டீரொய்ட் மருந்து. தோட்டங்களில் பாதியில் நின்றுபோவதும் இந்த மருந்துதான், இழுப்பு இல்லாத நாளில் மருந்து எதற்கு என்று. இழுப்பு இல்லாத நாளிலும் புடகங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. ஆகவே வைத்தியர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது இழுப்பை மட்டும் சொல்லிவிட்டு வராமல், ஸ்டோரில் எந்த அறையில் வேலை, எத்தனை வருடமாக, லீவு நாளில் மூச்சு எப்படி இருக்கிறது என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.